இருபதாண்டு வாக்குறுதி: டாக்டர் ஜாகிர் ஹுசைனின் ஆசிரிய வாழ்வு

இந்தியக் குடியரசின் மூன்றாவது தலைவராகவும், அப்பதவியை வகித்த முதல் முஸ்லிமாகவும் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களை நாம் அறிவோம். பாடநூல்களிலும் பொது அறிவு ஏடுகளிலும் அவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்த காலம் இரண்டாண்டுகளுக்கும் குறைவு. வறுமையில் உழன்ற ஒரு கல்வி நிலையத்திற்குத் தலைமை தாங்கிய காலமோ இருபத்திரண்டு ஆண்டுகள். பிள்ளைகள் எவ்வாறு கற்கிறார்கள், ஆசிரியர் எவ்வாறு கற்பிக்க வேண்டும், பள்ளியை நடத்துபவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு அவர் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடினார். பள்ளிகளை நிறுவுவதிலும் நடத்துவதிலும் ஆர்வம் கொண்ட நம் சமுதாயத்தினர் அவ்வரலாற்றை அறிந்துகொள்வது பயன் தரும்.

இளமையும் கல்வியும்

ஜாகிர் ஹுசைன் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் அஃப்ரீதி பட்டாணியர். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச் என்னும் ஊரில் குடியேறியவர்கள். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்துக்கு வந்து வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். ஏழு ஆண் மக்களில் மூன்றாமவர் ஜாகிர். அவருக்குப் பத்து வயதானபோது, 1907இல், தந்தையார் காலமானார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. 1911இல் அவ்வூரைத் தாக்கிய பிளேக் நோய் தாயாரையும் கொண்டுபோயிற்று.

பெற்றோர் இருவரையும் இழந்த அச்சிறுவனை உருவாக்கியது எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியாகும். அதன் தலைமையாசிரியர் சையது அல்தாஃப் ஹுசைன் மாணவர்களின் ஒழுக்கத்திலும் எளிமையிலும் மிகுந்த கருத்துச் செலுத்தியவர். ஒரு நல்ல தலைமையாசிரியரின் நிழல் ஒரு பிள்ளையின் வாழ்வில் எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பிற்கால ஜாகிர் ஹுசைனின் நடைமுறைகள் காட்டின.

பள்ளிப் படிப்பை முடித்தபின் அவர் அலிகர் முகம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்துடன் லக்னோ சென்று அறிவியல் படிக்கத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அம்முயற்சி கைவிடப்பட்டது. மீண்டும் அலிகர் வந்து 1918இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தொடர்ந்து பொருளாதாரத்தில் மேற்படிப்பும் சட்டமும் பயின்றுகொண்டே, அக்கல்லூரியில் பகுதிநேர ஆசிரியராகவும் பணியாற்றினார்.

ஜாமியாவின் பிறப்பு

1920ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தனர். ஆங்கில அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களைத் துறந்து வருமாறு மாணவர்களை அழைத்தனர். வளமான வாழ்வு காத்திருந்த நிலையில் அந்த அழைப்பை ஏற்பது எளிதன்று. ஜாகிர் ஹுசைன் டெல்லி சென்று ஹகீம் அஜ்மல் கான் முதலிய தலைவர்களைச் சந்தித்தார். தேசிய அடிப்படையில் ஒரு கல்வி நிலையம் தோன்றுமாயின் மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறி வருவார்கள் என்று உறுதி கூறினார். 1920 அக்டோபர் 29ஆம் நாள், ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹசன் அவர்களின் தலைமையில், அலிகரிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பெற்றது. ஹகீம் அஜ்மல் கான் வேந்தராகவும், மௌலானா முகம்மது அலி துணைவேந்தராகவும் பொறுப்பேற்றனர்.

இரண்டாண்டுகளுக்குப் பின் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் சோம்பார்ட் என்னும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞரிடம் பயின்று, பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண்மை அமைப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1926இல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பொருளாதாரத்தில் என்றாலும் அவர் மனம் ஈடுபட்டது கல்வித் துறையில்தான். மியூனிக் நகரப் பள்ளிகளை 1895 முதல் 1919 வரை மேற்பார்த்த கெர்ஷென்ஷ்டைனர் என்பவரின் கருத்துகள் அவரை ஆட்கொண்டன.

மாணவன் கேட்டு மனப்பாடம் செய்வதைவிட, கையால் ஒன்றை ஆக்கும்போதே ஆழ்ந்து கற்கிறான் என்பது கெர்ஷென்ஷ்டைனரின் கொள்கை. மரப்பலகையால் ஒரு பறவைக்கூடு செய்யும் மாணவனை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். அம்மாணவன் முதலில் சிந்திக்க வேண்டும், அளக்க வேண்டும், பின்னர் அறுக்க வேண்டும். அளவு பிழைத்தால் பலகைகள் பொருந்தா. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவதற்கு முன்பே, செய்த பொருளே அவன் பிழையை அவனுக்குக் காட்டிவிடும். இந்தக் கருத்தை ஜாகிர் ஹுசைன் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

மூடப்படவிருந்த கல்வி நிலையம்

அவர் ஜெர்மனியில் இருந்த ஆண்டுகளில் ஜாமியா நலிவுற்றது. 1922இல் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. ஜாமியாவுக்கு வந்துகொண்டிருந்த நிதி அத்துடன் வற்றியது. 1925இல் அது அலிகரிலிருந்து டெல்லி கரோல்பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது. ஹகீம் அஜ்மல் கான் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அதைத் தாங்கினார். இனி இதை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அச்செய்தி பெர்லினை எட்டியது. அங்குப் பயின்றுகொண்டிருந்த ஜாகிர் ஹுசைன், ஆபித் ஹுசைன், முகம்மது முஜீப் ஆகிய மூவரும், தாங்கள் வந்து பணியேற்கும்வரை ஜாமியாவை மூட வேண்டாம் எனக் கேட்டுத் தகவல் அனுப்பினர். 1926இல் மூவரும் நாடு திரும்பினர். இருபத்தொன்பதே வயதான ஜாகிர் ஹுசைன் ஷைகுல் ஜாமியா, அதாவது துணைவேந்தர், பொறுப்பை ஏற்றார்.

அடுத்த சோதனை விரைவிலேயே வந்தது. 1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் காலமானார். இருந்த ஒரே பெரிய ஆதரவும் போயிற்று. அந்நிலையில் ஜாமியாவின் ஆசிரியர்கள் எடுத்த முடிவு நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 1928இல் அவர்கள் ஒரு தேசியக் கல்விச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் இருபது ஆண்டுகள் ஜாமியாவில் பணியாற்றுவதாகவும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் கேட்பதில்லை எனவும் வாக்களித்தனர். டாக்டர் பட்டம் பெற்ற ஜாகிர் ஹுசைன் அதனினும் குறைந்த தொகையையே எடுத்துக்கொண்டார். அத்தொகையும் பல மாதங்களில் முழுமையாகக் கிடைத்ததில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் படைத்த புரவலர் ஒருவரை மீண்டும் தேடி அலைவதற்கு முன், ஆசிரியர்களே தங்களைப் பிணையாக வைத்தார்கள். அதன் பிறகே பொதுமக்களிடம் சென்றார்கள். ஹம்தர்தானே ஜாமியா, அதாவது ஜாமியாவின் அனுதாபிகள், என்ற பெயரில் சிறுசிறு தொகைகளை வழங்கும் நன்கொடையாளர்கள் நாடெங்கும் திரட்டப்பட்டனர். ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் அப்பணியை முன்னின்று செய்தார்.

கற்பித்தலில் ஒரு சோதனைக்களம்

ஜாமியா பல்கலைக்கழகம் என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும், ஜாகிர் ஹுசைன் தம் கவனத்தின் பெரும்பகுதியை அதன் தொடக்கப் பள்ளிக்கே அளித்தார். அடித்தளம் பழுதானால் மேல்மாடம் நிலைக்காது என்பது அவர் கருத்து.

அங்கு ஆசிரியராக இருந்த அப்துல் கஃபார் முத்ஹோலி, பஞ்சாபில் உள்ள மோகா நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் செயல்திட்ட முறையைக் கற்று வந்தவர். ஒரு செயலை மையமாக வைத்து, அதைச் சுற்றி மொழி, கணக்கு, நாட்டு நடப்பு ஆகியவற்றைக் கற்பிப்பதே அம்முறை. ஜாமியாவில் சிறுவர்களே ஒரு வங்கியை நடத்தினர்; ஒரு கடையை நடத்தினர். கணக்கேட்டில் வரவு செலவு எழுதிய சிறுவன், கூட்டலும் கழித்தலும் எதற்குப் பயன்படுகின்றன என்று எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த முறை பயன் தந்தது, எது தரவில்லை என்பதை ஆசிரியர்கள் கூடிப் பேசினர். முத்ஹோலி தம் அனுபவங்களை நூலாகவும் எழுதி வைத்தார். கல்வி ஆய்வு என்பது இன்று பல்கலைக்கழகத் துறைகளின் பணியாகக் கருதப்படுகிறது. ஜாமியாவில் அது வகுப்பறையில், பாடம் நடத்தும் ஆசிரியரின் கையில் இருந்தது.

பெர்லினில் ஜாகிர் ஹுசைனுக்கு அறிமுகமான கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற ஜெர்மானிய யூதப் பெண்மணி 1933இன் தொடக்கத்தில் ஜாமியாவுக்கு வந்து சேர்ந்தார். விடுதிச் சிறுவர்களைப் பேணும் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் அவரை அக்கா என்னும் பொருளில் ஆபா ஜான் என்றழைத்தனர். 1943இல் காலமான அவர் ஜாமியா அடக்கத்தலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தகுதியுடையவர் எவ்வினத்தவராயினும் எந்நாட்டவராயினும் அவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை அத்தலைமையிடம் இருந்தது.

சிறுவர்களுக்காகப் பயாமே தஃலீம் என்ற இதழும் வெளிவந்தது. ஜாகிர் ஹுசைனே சிறுவர் கதைகள் எழுதினார். தம் மகளின் பெயரை ஒட்டி ருகையா ரைஹானா என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். விடுதலையை விரும்பி மலைக்கு ஓடிச்சென்று, ஓநாயோடு விடியும்வரை போரிடும் ஓர் ஆட்டின் கதையான அப்பூ கானின் ஆடு அவற்றுள் புகழ்பெற்றது.

அந்த மகள் ரைஹானா சிறு வயதிலேயே மறைந்தாள். அந்நாளில் நிகழ்ந்ததை ஜாமியாவினர் நெடுங்காலம் நினைவுகூர்ந்து வந்தனர். தொடக்கப் பள்ளிச் சிறுவர்களுக்கு ஜாகிர் ஹுசைன் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். பணியாள் ஒருவர் வந்து, மகளுக்கு உடல்நலம் மிகவும் மோசமாக இருப்பதாகக் காதில் கூறினார். அவர் வழங்குவதை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் பணியாள் மீண்டும் வந்து, குழந்தை இறந்துவிட்டதைத் தெரிவித்தார். அவர் முகம் வெளிறியது. கை மட்டும் நிற்கவில்லை. கடைசிச் சிறுவனுக்கும் கொடுத்து முடித்த பின்னரே வீட்டுக்குச் சென்றார். ஏன் உடனே செல்லவில்லை என்று பின்னர் கேட்கப்பட்டபோது, பிள்ளைகள் மகிழ்ச்சியோடு இருந்தார்கள், அதைக் கலைக்க மனம் வரவில்லை என்பதே அவர் அளித்த விளக்கமாக இருந்தது. ஒரு தந்தை அவ்வாறு செய்திருக்க வேண்டுமா என்று நாம் வினவக்கூடும். அவருக்கு அந்தப் பிள்ளைகளும் தம் பிள்ளைகளே என்பதில் ஐயமில்லை.

1935 மார்ச் முதல் நாள் ஓக்லா என்ற சிற்றூரில் பள்ளிக்கெனச் சொந்தக் கட்டடம் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. அமைச்சரோ செல்வந்தரோ அதை நாட்டவில்லை. பள்ளியின் மிகச் சிறிய மாணவனைக் கொண்டு அடிக்கல் வைக்கச் செய்தார்கள்.

வார்தா அறிக்கை

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியடிகள் வார்தாவில் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஏழாண்டுக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வேண்டும், மாணவர் செய்யும் பொருள்களின் வருவாயால் பள்ளிச் செலவு ஈடுகட்டப்பட வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். அரங்கில் இருந்தோர் பெரும்பாலும் அதனைப் போற்றிப் பேசினர். ஜாகிர் ஹுசைன் எழுந்து, செயல் வழிக் கல்வி உலகில் பலரும் ஏற்கெனவே ஆய்ந்து பார்த்த முறை என்பதை எடுத்துரைத்தார். வருவாயை வற்புறுத்தினால் ஆசிரியர் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டும் நிலை வரலாம் என்றும் எச்சரித்தார். காந்தியடிகள் அதனால் வருந்தவில்லை. பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்.

அக்குழுவில் வினோபா பாவே, காகா காலேல்கர், கே.ஜி. சையிதைன் முதலியோர் இடம்பெற்றனர். தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகமும் அதில் இருந்தது தமிழராகிய நமக்குப் பெருமை தருவது. 1937 டிசம்பர் 2ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அது பரிந்துரைத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. தக்கிளியில் நூல் நூற்கும் சிறுவன், பருத்தி விளையும் மண்ணையும், நூலின் நீளத்தையும், துணி வாணிகத்தின் வரலாற்றையும் அதனோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பது கருத்து. 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் இதனை ஏற்றது. ஆதாரக் கல்வியைப் பரப்ப அமைக்கப்பட்ட ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்திற்கும் ஜாகிர் ஹுசைன் தலைவரானார். அவ்வாண்டிலேயே ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது.

எனினும் அத்திட்டம் அவர் கருதியவாறு வேரூன்றவில்லை. அரசியல் சச்சரவுகள் அதனைச் சூழ்ந்தன. முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது. அதைவிடப் பெரிய இடையூறு பள்ளிகளுக்குள்ளேயே இருந்தது. அரசாணை மூலம் பள்ளிகளுக்குத் தக்கிளி சென்றது. அதன் நோக்கத்தை உணர்ந்த ஆசிரியர் அதனோடு செல்லவில்லை. பல இடங்களில் பிள்ளைகள் நூல் நூற்றார்கள், சிந்திக்கக் கற்கவில்லை. 1958இல் ஆற்றிய படேல் நினைவுச் சொற்பொழிவுகளில் ஜாகிர் ஹுசைன் வேலையையும் கல்வியையும் பற்றி விரிவாக ஆராய்ந்தார். எல்லா வேலையும் கல்வியாகிவிடாது என விளக்கினார். செய்யவேண்டியது எது என்று தெளிதல், அதற்கு வழி வகுத்தல், செய்து முடித்தல், விளைவைத் தானே சோதித்தல் ஆகிய நான்கும் இருந்தால்தான் வேலை கல்வியாகும் என்பது அவர் வரையறை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு ஆதாரக் கல்வியின் சாரத்தைப் பணி அனுபவம் என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

நெருப்பின் நடுவே

1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளி விழா நடைபெற்றது. நாடு வகுப்புக் கலவரங்களால் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருவரோடொருவர் அமர மறுத்த தலைவர்களை ஜாகிர் ஹுசைன் ஒரே மேடைக்கு அழைத்து வந்தார். நேரு, ஆசாத், ராஜாஜி ஆகியோரும், ஜின்னா, லியாகத் அலி கான் ஆகியோரும் அங்கு அமர்ந்திருந்தனர். பிள்ளைகளை வளர்க்கும் ஆசிரியர்களின் சார்பில் அவர் தலைவர்களிடம் மன்றாடினார். வெறுப்புத் தீயில் மனிதத்தன்மையே கருகும்போது தாங்கள் எவ்வாறு நற்பண்பைப் பயிரிட முடியும் என்று முறையிட்டார். தீயை மூட்டியவர் எவர் என்று ஆராய்வதை விடுத்து அணைக்க முன்வருமாறு வேண்டினார்.

தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் காஷ்மீர் செல்லும் வழியில், ஜலந்தர் இரயில் நிலையத்தில் அவரே கொலைவெறிக் கும்பலிடம் சிக்கினார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஓர் இந்து இரயில்வே அலுவலரும் அவர் உயிரைக் காத்தனர். அடுத்த மாதம் டெல்லிக் கலவரத்தில் கரோல்பாக்கில் இருந்த ஜாமியாவின் நூல் வெளியீட்டகம் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. ஆயினும் ஜாமியாவினர் ஓக்லாவை விட்டு அகலவில்லை. அகதிகளுக்கு உதவும் பணியில் இறங்கினர்.

அலிகரும் அதன் பிறகும்

1928இல் அளித்த இருபதாண்டு வாக்குறுதி 1948இல் நிறைவுற்றது. அவ்வாண்டு நவம்பரில் அவருக்கு வேறொரு கடமை காத்திருந்தது. பிரிவினைக்குப் பின் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஐயத்துக்கும் அச்சத்துக்கும் உள்ளாகியிருந்தது. ஆசிரியர் பலர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டனர். மௌலானா ஆசாத் அவரைத் துணைவேந்தராக வருமாறு அழைத்தார். அரசின் நியமனமாக வருவதற்கு ஜாகிர் ஹுசைன் இசையவில்லை. பல்கலைக்கழக மன்றம் தம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஏற்றார். யாருக்குத் தலைமை தாங்க வேண்டுமோ, அவர்களின் சம்மதமே தலைமைக்கு அடிப்படை என அவர் கருதினார். 1956 வரை அங்கிருந்து அப்பல்கலைக்கழகத்தை மீண்டும் நிமிர்த்தினார்.

1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே 13இல் குடியரசுத் தலைவர் எனப் பதவிகளும் விருதுகளும் அவரை அடைந்தன. ரோஜாச் செடிகளை வளர்ப்பதில் அவருக்கு இருந்த விருப்பம் எந்த மாளிகையிலும் குறையவில்லை. 1969 மே 3ஆம் நாள் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருடைய உடல், அவர் உழைத்து வளர்த்த ஜாமியாவின் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. ஜாமியா 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழகத்தில் இளையான்குடியில் அமைந்துள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு உரியது

ஒரே மனிதரின் வாழ்வில் ஒரே கல்விக் கருத்து ஓரிடத்தில் தழைத்தது, மற்றோரிடத்தில் வாடியது. ஜாமியாவில் அது தழைத்ததற்குக் காரணம், தலைவரும் ஆசிரியர்களும் அதைத் தாமே சோதித்து, பிழை கண்டு, திருத்தி, இருபது ஆண்டுகள் அங்கேயே நிலைத்திருந்தமையாகும். நாடெங்கும் அது வாடியதற்குக் காரணம், அத்தகைய ஆசிரியர்களை ஆயத்தம் செய்யாமல் ஆணையை மட்டும் அனுப்பியமையாகும்.

பள்ளி நடத்தும் நிர்வாகக் குழுக்கள் கூடும்போது கட்டட நிதி, தேர்ச்சி விழுக்காடு, புதிய வகுப்பு அனுமதி ஆகியவை பேசப்படுகின்றன. அவை வேண்டியவையே. அவற்றோடு இன்னும் சில வினாக்களுக்கும் நிகழ்ச்சி நிரலில் இடமளிப்போம். நம் பள்ளியின் ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் நம்மிடம் தங்குகிறார்கள்? விலகிச் சென்றோர் எதனால் சென்றனர்? தாம் நடத்தும் பாடத்தைப் பற்றி ஒருவரோடொருவர் அமர்ந்து பேச வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோமா? இவற்றுக்கு விடை காணத் தொடங்குவதே அப்பெருமகனாரை நினைவுகூரும் முறையாக இருக்கும்.